பட்டாளத்துத் தாத்தா

எங்கள் தோட்டத்தில் என் தாத்தாவைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் மிகச் சிலரே. பெரியவர்களுக்கு அவர் பட்டாளத்தார். பிள்ளைகளுக்குப் பட்டாளத்துத் தாத்தா. 1922ஆம் ஆண்டு இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்த அவர், 2017இல் தமது 95ஆவது வயதில் அதே தோட்டத்தில் காலமானார். உறவினர்கள் அவரைப் பற்றிப் பேசும்போது அவருடைய நீண்ட ஆயுளையும் பொறுமையையும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். போருக்குப் போய் வந்த காரணத்தாலேயே அவருக்குக் குடியுரிமை மறுக்கப்பட்டதும், நாடற்றவராக இருந்த நாற்பது ஆண்டுகளிலும் அந்தக் கவலை பிள்ளைகள்மேல் விழாதபடி அவர் குடும்பத்தைக் காத்ததும் எழுதப்படாமலே போய்விடக் கூடாது என்று நான் நினைக்கிறேன்.

திருச்சி மாவட்டத்து முசிறிப் பக்கத்திலிருந்து கண்டிச் சீமை என்று சொல்லப்பட்ட இலங்கை மலைநாட்டுக்கு வந்த குடும்பம் எங்களுடையது. 1941இல் ஊரில் ஒரு கருமாதிக்காகத் தாத்தாவை அவருடைய அப்பா அனுப்பிவைத்தார். போன இடத்தில் பங்காளிகளின் நிலத் தகராறு முடிவில்லாமல் இழுத்துக்கொண்டு போக, திரும்பி வரக் கையில் காசில்லாமல் நின்றவர், திருச்சியில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு 1942இல் சேர்ந்துவிட்டார். இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் தாமாகச் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 25 இலட்சம் பேர். அவர்களில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த ஒருவரும் இருந்தார். அங்கே லொறி ஓட்டவும், ரோமன் எழுத்தில் உருது படிக்கவும், சப்பாத்தி சுடவும் கற்றுக்கொண்டார்.

பர்மாவில் ஜப்பானியரோடு போரிட்ட பிரிட்டிஷாரின் பதினான்காவது படைக்குச் சாமான் ஏற்றிச் சென்ற லொறிகளில் ஒன்று அவருடையது. இம்பாலிலிருந்து தமு வழியாகக் கபாவ் பள்ளத்தாக்குக்குள் இறங்கும் பாதையைப் பற்றி அவர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்: மழைக்காலத்தில் அச்சுவரை சேறு, வெயில் காலத்தில் முன்னே போகும் வண்டியே தெரியாத அளவுக்குத் தூசி, மலேரியாவுக்காகத் தினமும் விழுங்கிய மெப்பாக்ரின் மாத்திரையால் மஞ்சள் நிறமாகிப்போன தோல். 1944 டிசம்பரில் கலேவாவில் சின்ட்வின் (Chindwin) ஆற்றின் குறுக்கே 1,100 அடிக்கும் மேல் நீளமான பெய்லி பாலம் (ஆயத்த இரும்புச் சட்டங்களைப் பூட்டிக் கட்டும் பாலம்) ஒன்றைப் போட்டார்கள். அன்றைக்கு உலகிலேயே நீளமான பெய்லி பாலம் அதுதான். மிதவைகளின் மேல் கட்டிய அந்தப் பாலத்தில் பாரம் ஏற்றிய லொறியோடு போகும்போது முன்சக்கரத்தின் கீழே பலகை தாழ்வதைக் காலில் உணர முடியும் என்று சொல்லிவிட்டு, தம் பாதத்தை மெதுவாக அழுத்திக் காட்டுவார். சண்டையைப் பற்றியோ செத்தவர்களைப் பற்றியோ அவர் எங்களிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. நாங்களும் கேட்கவில்லை.

1946இல் படையிலிருந்து விடுவிக்கப்பட்டு, மண்டபம் முகாமையும் தலைமன்னாரையும் கடந்து தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். லொறி ஓட்டத் தெரிந்தவர் என்பதால் தோட்டத்து லொறியைக் கொடுத்தார்கள். மலையிலிருந்து கொழுந்தும், ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து தேயிலைப் பெட்டிகளும் ஏற்றிக்கொண்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த வளைவுப் பாதைகளில் ஓடினார். 1948இல் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த அப்பாயியை, அதாவது என் அப்பாவின் அம்மாவை, கலியாணம் செய்துகொண்டார். அந்த ஆண்டில்தான் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது.

அடுத்த ஆண்டு, இந்திய பாகிஸ்தானிய வதிவாளர்கள் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறுவதற்கென்று இன்னொரு சட்டம் கொண்டுவந்தார்கள். கலியாணமானவர் 1946 ஜனவரி 1க்கு முன்னர் தொடர்ச்சியாக ஏழு ஆண்டுகளும், ஆகாதவர் பத்து ஆண்டுகளும் இந்தத் தீவில் வாழ்ந்திருக்க வேண்டும். இடையில் 12 மாதங்களுக்கு மேல் வெளியே இருந்திருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். சுமார் 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கே. தாத்தாவின் விண்ணப்பம் விசாரணைக்கு வந்தபோது, தாம் எங்கே போயிருந்தார் என்பதற்குச் சான்றாகத் தமது படை விடுவிப்புப் புத்தகத்தைக் கொடுத்திருக்கிறார். விசாரித்த அதிகாரி அதில் சேர்ந்த தேதியையும் விடுபட்ட தேதியையும் சிவப்புப் பென்சிலால் அடிக்கோடிட்டு, நான்கு ஆண்டுகள் நாட்டில் இல்லாதவர் என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். நடத்தை மிகச் சிறப்பு என்று படை அதிகாரி கையொப்பமிட்ட அதே பக்கத்தில்தான் அந்தச் சிவப்புக் கோடுகள் இருக்கின்றன. ஜப்பானியர் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டது 1942 ஏப்ரலில். அந்த எதிரியோடு பர்மாவில் நடந்த போருக்கு அரிசியும் வெடிமருந்தும் கொண்டுபோனவரை, அவர் பிறந்த நாடே இங்கே வாழாதவர் என்று சொன்னது. அது அநியாயம். சட்டப்படிதான் நடந்தது என்று எத்தனை பேர் விளக்கினாலும் என் மனம் ஆறுவதில்லை.

தாத்தா அதற்காகத் தவறணைக்குப் போய்க் குடிக்கவில்லை, வீட்டில் யாரிடமும் சீறவில்லை. விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போக வேண்டிய அப்பாயிக்கு முன்னால் எழுந்து அடுப்பை மூட்டித் தேத்தண்ணி வைத்து, பட்டாளத்தில் கற்ற கையால் மாவைப் பிசைந்து ரொட்டி சுடுவார். ஆம்பிளை அடுப்படியில் நிற்கிறான் என்று லயத்துப் பெண்கள் சிரித்தபோது, ‘எரநூறு பேருக்குச் சுட்டவன், எட்டுப் பேருக்குச் சுடமாட்டேனா?’ என்று பதில் சொன்னாராம். சாயங்காலம் அப்பாயி மலையிலிருந்து வந்ததும் அவருடைய கால்களில் அட்டை கடித்த இடங்களைத் தேடிச் சுண்ணாம்பு தடவிவிடுவார். சம்பளத்தை அப்படியே அப்பாயியின் கையில் கொடுப்பார். ஆறு பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். பெண் பிள்ளைகளையும் பேர் பதிந்து மலைக்கு அனுப்பச் சொல்லிக் கங்காணி வந்து நின்றபோதும் அவர் இணங்கவில்லை. என் பெரிய அத்தை பின்னாளில் ஆசிரியையானார்.

1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பத்தாண்டுகள் கழித்துப் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்தவர்களில் தாத்தாவின் தம்பியும் ஒருவர். தாத்தா இலங்கைக்கே எழுதினார். ஏற்றுக்கொண்டதாகவும் வரவில்லை, மறுத்ததாகவும் வரவில்லை. சின்னத் தாத்தா குடும்பத்தோடு புறப்பட்டபோது, தலவாக்கலை ரயில் நிலையத்துக்கு அவர்களின் பெட்டிகளைக் கொண்டுபோனதும் தாத்தாவின் லொறிதான். அந்தக் கோச்சியை எங்கள் ஆட்கள் அழுகைக் கோச்சி என்றே சொன்னார்கள். சின்னத் தாத்தாவுக்குக் கூடலூரில் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது; அண்ணனும் தம்பியும் அதற்குப் பிறகு சந்திக்கவே இல்லை.

1973, 74 பஞ்சத்தை நினைத்தால் இன்றும் அப்பாவின் குரல் மாறிவிடுகிறது. அரிசி இல்லை, மா இல்லை. தோட்டங்களில் மக்கள் பட்டினியால் செத்தார்கள். பர்மாவிலிருந்து கொண்டுவந்த கனத்த கம்பளிக் கோட்டு ஒன்று தாத்தாவிடம் இருந்தது. தலவாக்கலைக் குளிரில் அவர் அதைப் போட்டுக்கொண்டுதான் விடியற்காலையில் லொறி எடுப்பார். அதைக் கொத்மலைப் பக்கத்துச் சிங்கள விவசாயி ஒருவரிடம் கொடுத்துவிட்டு அரை மூட்டைக் குரக்கனோடு (கேழ்வரகு) திரும்பி வந்தார். அந்த விவசாயி பிறகும் இரண்டு முறை, கேட்காமலே, மரவள்ளிக்கிழங்கு கொடுத்தனுப்பியதாக அப்பா சொல்வார். அவருடைய பெயரை வீட்டில் இன்றும் மரியாதையோடு சொல்கிறோம்.

1983 ஜூலையில் நுவரெலியா எரிகிறது என்ற செய்தி வந்த இரவு, லயத்தில் இருக்க வேண்டாம் என்று சொல்லி எல்லோரையும் தேயிலைக்குள் அழைத்துக்கொண்டு போனவர் தாத்தா. அப்போது அவருக்கு 61 வயது. யாரும் தீக்குச்சி கிழிக்கக் கூடாது, குழந்தை அழுதால் தாய் உடனே மார்பில் போட வேண்டும், வெள்ளைத் துணி உடுத்தியவர்கள் மேலே கறுப்புக் கம்பளி போர்த்த வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் தாழ்ந்த குரலில் சொல்லியிருக்கிறார். மழை பெய்துகொண்டிருந்தது. இருட்டில் முகம் தெரியாததால், பிள்ளைகளையும் பேரப் பிள்ளைகளையும் தலை தலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டே இரவெல்லாம் சுற்றி வந்தார் என்றும், அந்தக் கை தலையில் பட்டதும் பயம் போய்த் தூங்கிவிட்டதாகவும் சின்ன அத்தை சொல்வார். போரைப் பற்றி அவர் சொல்லாமல் விட்டது எவ்வளவு என்பது குடும்பத்துக்குப் புரிந்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கிய 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம்தான் அவர் இலங்கைக் குடிமகன் ஆனார், வயது 66. 1994 பொதுத்தேர்தலில் வெள்ளை வேட்டி கட்டி, பர்மா நட்சத்திரப் பதக்கத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு வாக்குச்சாவடிக்கு நடந்து போனதை நானே பார்த்திருக்கிறேன். வேறு எந்த நாளிலும் அவர் அதை அணிந்து நான் கண்டதில்லை.

கடைசி ஆண்டுகளில் காது கேட்காமல் போனாலும் நினைவு தவறவில்லை. அப்பாயி போன பிறகு, காலையில் இரண்டு கோப்பைத் தேத்தண்ணி ஊற்றச் சொல்லி ஒன்றை அப்பாயியின் படத்துக்கு முன்னால் வைப்பார். ‘நல்லாப் படிக்கிறியா, ஆத்தா?’ என்று நான் வேலைக்குப் போன பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் இறந்த அன்று தோட்டத்தில் யாரும் மலைக்குப் போகவில்லை. அவரைத் தூக்கிச் சென்றவர்களில் பாதிப் பேருக்கு அவர்தான் லொறி ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார்.

படைப் புத்தகம் இப்போது அப்பாவிடம் இருக்கிறது. கூடலூரிலிருந்து சின்னத் தாத்தாவின் பேரன் கேட்டுக்கொண்டதால் போன மாதம் அதன் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினேன். தேதிகளுக்குக் கீழே ஏன் சிவப்புக் கோடு போட்டிருக்கிறது என்று அவன் கேட்டிருந்தான். அவனுக்கு எழுதத் தொடங்கிய பதிலே இவ்வளவு நீண்டுவிட்டது.