சிவப்புப் பெட்டி கணக்கு: ஃப்ளோரிடால ஒரு கவுண்டியை ஸ்டேட்டோட ஒப்பிட்ட கதை

எம்பிஹெச், அதாவது பொது சுகாதார முதுகலைப் படிப்பு, கடைசி செமஸ்டர்ல ப்ராக்டிகம்னு ஒரு களப் பயிற்சி முடிச்சாதான் டிகிரி கைக்கு வரும். எனக்கு கிடைச்சது ஃப்ளோரிடால ஒரு சின்ன தன்னார்வ அமைப்பு, நாலு பேரு, ஒரு பிரிண்டர், அதுவும் பாதி நாள் வேலை செய்யாது. அங்க இருக்கற மேடம் 60 வயசு தாண்டின முன்னாள் நர்ஸ், முதல் நாளே ஒரு வேலை குடுத்தாங்க. சம்டர் கவுண்டியோட சுகாதார நிலவரத்தை மொத்த ஃப்ளோரிடா நம்பரோட பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு ரெண்டு பக்கம் ரெடி பண்ணு, மூணு வாரத்துல கமிட்டி மீட்டிங் இருக்கு அப்படின்னாங்க. நான் ஐடில பத்து வருஷம் குப்பை கொட்டிட்டு குழந்தை பொறந்தப்புறம் படிக்க வந்தவ, எக்செல்ல ரெண்டு காலம் (column) ஒப்பிடறதுக்கு மூணு வாரமா, மூணு நாள்ல முடிச்சிடலாமேன்னு மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். அந்த சிரிப்புக்கு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன், அதைத்தான் எழுதறேன். இதே மாதிரி வேலைல மாட்டப்போறவங்களுக்கு உதவும்.

கவுண்டின்னா நம்ம ஊர் மாவட்டம் மாதிரி வெச்சுக்கோங்க. ஃப்ளோரிடால 67 இருக்கு. டேட்டா கிடைக்கறதெல்லாம் பிரச்சனையே இல்ல, ஸ்டேட் சுகாதாரத் துறையே ஃப்ளோரிடா ஹெல்த் சார்ட்ஸ்னு ஒரு தளம் நடத்துது, அதுல கவுண்டி ரேட், ஸ்டேட் ரேட் ரெண்டும் வரும். இதுபோக சிடிசி, அதாவது நாட்டோட நோய்க் கட்டுப்பாட்டு மையம், நடத்தற வொண்டர்ங்கற டேட்டா தளம், விஸ்கான்சின் யுனிவர்சிட்டி ஆளுங்க 2010ல இருந்து போடற கவுண்டி ஹெல்த் ரேங்கிங்ஸ், சென்சஸ் சர்வேன்னு ஏகப்பட்டது இருக்கு. சாப்பாட்டுக்கு பஞ்சமில்ல, எதை எதோட பிசைஞ்சு சாப்பிடறதுங்கறதுதான் தலைவலி.

முதல் அடி ரெண்டாவது நாளே விழுந்துச்சு. சம்டர்ங்கற பேர்ல அமெரிக்காவுல நாலு கவுண்டி இருக்கு, ஃப்ளோரிடா, அலபாமா, ஜார்ஜியா, சவுத் கரோலினா. எனக்கு அது தெரியும், அதனால பேரை வெச்சு சேர்க்காம ஒவ்வொரு கவுண்டிக்கும் இருக்கற கோடு (code) நம்பரை வெச்சு விலுக்அப், அதாவது எக்செல்ல ஒரு லிஸ்ட்ல தேடி எடுத்துத் தர்ற ஃபார்முலா, போட்டேன், பெரிய புத்திசாலித்தனம்னு நெனப்பு. ஃப்ளோரிடா சம்டரோட கோடு 12119, அலபாமா சம்டரோடது 01119. எக்செல் முன்னாடி இருக்கற பூஜ்யத்தை முழுங்கிடும், அதை சரி பண்றேன்னு நான் கடைசி மூணு இலக்கத்தை மட்டும் வெட்டி எடுத்து சேர்த்தேன், ரெண்டுமே 119. லிஸ்ட்ல அலபாமாதான் முதல்ல வருது, விலுக்அப் முதல்ல பாக்கறதை எடுத்துக்கும். ராத்திரி 11 மணிக்கு டைனிங் டேபிள்ல உக்காந்து, இது பணக்கார ரிட்டயர்டு ஆளுங்க இருக்கற கவுண்டின்னு சொன்னாங்களே, வறுமை இவ்ளோ இருக்கேன்னு முழிச்சிட்டு இருந்தேன். வீட்டுக்காரர் எட்டிப் பாத்துட்டு "ஏம்மா, மக்கள்தொகை 12 ஆயிரம்னு இருக்கு, நீ லட்சத்துக்கு மேலன்னு சொன்னியே"ன்னு கேட்டப்பதான் உறைச்சுது. அன்னிக்கு அவருக்கு பிடிச்ச வத்தக்குழம்பு வெச்சேன், வேற என்ன பண்றது.

அதுக்கப்புறம் வந்ததுதான் பெரிய அடி. எல்லா நம்பரையும் சரியா இழுத்து, ஸ்டேட்டை விட மோசமா இருந்தா சிவப்பு, நல்லா இருந்தா பச்சைன்னு கலர் போட்டேன். மொத்த இறப்பு விகிதம் சிவப்பு, இதய நோய் சிவப்பு, கேன்சர் சிவப்பு, ஸ்ட்ரோக் சிவப்பு. பாக்கவே பயமா இருந்துச்சு. இந்த ஊர்ல ஏதோ பெரிய பிரச்சனை இருக்கு, நான் கண்டுபிடிச்சிட்டேன்னு வேற ஒரு சந்தோஷம் (இப்ப நெனச்சா கூச்சமா இருக்கு). மீட்டிங்குக்கு முன்னாடி ஒரு சின்ன ரிவ்யூ வெச்சாங்க, மேடமும் கமிட்டில இருக்கற ஒரு தாத்தாவும் மட்டும். தாத்தா கோல்ஃப் கார்ட்ல வந்து இறங்கினாரு, 81 வயசு. என் சிவப்பு பெட்டிங்களை ஒவ்வொன்னா விரல் வெச்சு படிச்சாரு, அப்புறம் கண்ணாடியை கழட்டிட்டு சொன்னாரு: "பாப்பா, நாங்க எல்லாரும் கடைசி காலத்தை இங்க கழிக்கத்தானே வந்தோம், சாகாம என்ன பண்ணுவோம்?"

மேடம் சிரிக்கல. என்னைப் பாத்து ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க, இந்த கணக்குல கீழ வகுக்கற நம்பர்ல யாரெல்லாம் இருக்காங்கன்னு.

சம்டர் கவுண்டில தி வில்லேஜஸ்னு ஒரு ஊர் இருக்கு, ரிட்டயர்டு ஆளுங்களுக்குன்னே கட்டினது, பக்கத்து லேக், மேரியன் கவுண்டிங்களுக்கும் பரவியிருக்கு. பெரும்பாலான தெருவுல வீட்டுல ஒருத்தருக்காவது 55 வயசு ஆகியிருக்கணும், பேரப்பிள்ளைங்க வரலாம், வருஷத்துல 30 நாளுக்கு மேல தங்க முடியாது. 2010ல கவுண்டி மக்கள்தொகை 93,420, 2020ல 129,752. வந்து சேர்ந்ததுல பெரும்பாலும் தலை நரைச்சவங்கதான். மீடியன் ஏஜ், அதாவது பாதி பேர் மேலயும் பாதி பேர் கீழயும் இருக்கற வயசு, 68ஐ தாண்டிடுச்சு, நாட்டுலயே வயசான கவுண்டி. மொத்த ஃப்ளோரிடாவுல 65க்கு மேல அஞ்சுல ஒருத்தர்தான், இங்க பாதிக்கு மேல. நான் எடுத்தது வயசு சரி பண்ணாத ரேட், க்ரூட் ரேட்னு சொல்வாங்க. செத்தவங்க எண்ணிக்கையை மக்கள்தொகையால வகுத்தா வர்றது, அவ்ளோதான்.

எனக்கே புரியறதுக்கு அன்னிக்கு ஒரு பேப்பர்ல சும்மா கற்பனையா ஒரு கணக்கு போட்டுப் பாத்தேன். ரெண்டு ஊர், ரெண்டுலயும் 65க்கு மேல ஆயிரத்துக்கு 40 பேர் சாகறாங்க, 65க்கு கீழ ஆயிரத்துக்கு 3 பேர், துளி வித்தியாசம் இல்ல. முதல் ஊர்ல ஆயிரத்துல 200 பேர் பெருசுங்க, அப்ப மொத்தம் 8 கூட்டல் 2.4, அதாவது 10.4. ரெண்டாவது ஊர்ல 580 பேர் பெருசுங்க, 23.2 கூட்டல் 1.26, கிட்டத்தட்ட 24.5. ஆபத்து ரெண்டு ஊர்லயும் ஒன்னுதான், ஆனா ரெண்டாவது ஊர் ரெண்டு மடங்குக்கு மேல மோசமா தெரியும், என்னை மாதிரி ஒருத்தி அதுக்கு சிவப்பு அடிப்பா. நம்ம ஊர்லயும் இந்த கூத்து உண்டு, பீகாரை விட கேரளாவுல க்ரூட் இறப்பு விகிதம் ஜாஸ்தி, அதுக்காக கேரளாவுல ஆஸ்பத்திரி சரியில்லன்னு யாராவது சொல்வாங்களா.

இதுக்கு மருந்து வயசு சரி பண்ணின ரேட், ஏஜ் அட்ஜஸ்டட். மக்களை 11 வயசுப் பிரிவா பிரிச்சு, ஒவ்வொரு பிரிவுக்கும் தனியா ரேட் எடுத்து, அதை எல்லாருக்கும் பொதுவான ஒரு மக்கள்தொகையோட எடையால, அதாவது அதுல அந்தப் பிரிவுக்கு இருக்கற பங்கால, பெருக்கி கூட்டணும். அமெரிக்காவுல அந்த பொது மக்கள்தொகை 2000ம் வருஷத்தோடது, 1999 டேட்டால இருந்து இதுதான், அதுக்கு முன்னாடி 1940ம் வருஷத்து மக்கள்தொகையை வெச்சிருந்தாங்க. அதனால பழைய ரிப்போர்ட் எதையாவது எடுத்து புதுசோட ஒட்டிடாதீங்க. 2000 எடைல 65க்கு மேல உள்ளவங்க பங்கு 12.6% மட்டும்தான். சம்டர்ல பாதிக்கு மேல இருக்கற கூட்டத்தை 12.6க்கு அமுக்கினா என்ன ஆகும்? என் சிவப்பு பெட்டிங்க ஒன்னொன்னா பச்சையாச்சு. மொத்த இறப்பே ஸ்டேட்டை விட குறைவுன்னு வந்துச்சு. அதுக்காக இங்க தண்ணில ஏதோ மகிமை இருக்குன்னு இல்ல. வடக்கே இருந்து வீடு வாங்கி இங்க குடியேறணும்னா கையில காசு இருக்கணும், உடம்பும் ஓடியாடற மாதிரி இருக்கணும், படுத்த படுக்கையா இருக்கறவங்க வரமாட்டாங்க. ரொம்ப முடியாம போனப்புறம் கொஞ்சம் பேர் பிள்ளைங்க கிட்ட திரும்பிப் போயிடுவாங்க.

ஆனா இங்கயும் ஒரு விஷயம் இருக்கு, மேடம்தான் சொன்னாங்க. க்ரூட் ரேட்டை தூக்கிப் போட்றாதன்னாங்க. கார்டியாலஜிஸ்ட் எத்தனை பேர் வேணும், ஆம்புலன்ஸ் எத்தனை ஓடணும்னு பாக்கறவங்களுக்கு அந்த சிவப்பு நம்பர்தான் நிஜம். அதனால ரெண்டு ரேட்டையும் வெச்சேன், கலரை மட்டும் எடுத்துட்டேன்.

அடுத்து சிசு மரணம். இது வேற மாதிரி சிக்கல். ஃப்ளோரிடா மொத்தத்துல வருஷத்துக்கு 2 லட்சம் குழந்தைங்களுக்கு மேல பொறக்குது, ஆயிரத்துக்கு சுமார் 6ங்கற அளவுலயே பல வருஷமா நிக்குது. சம்டர்ல பொறக்கறதே கொஞ்சம். 500 பொறப்புன்னு வெச்சுக்கிட்டா, 3 இறப்பு நடந்தா ரேட் 6, ஸ்டேட்டுக்கு சமம். 5 நடந்தா 10, ஐயோ நெருக்கடின்னு தலைப்பு. 1 நடந்தா 2, ஸ்வீடன் மாதிரின்னு கைதட்டல். நடுவுல மாறினது ரெண்டு குடும்பத்தோட துக்கம், அதுலருந்து கவுண்டியோட தரத்தைப் பத்தி ஒன்னும் சொல்ல முடியாது. 20க்கு கீழ நிகழ்வு இருந்தா ரேட் நம்பகமில்லன்னு வொண்டரே முத்திரை குத்திடும், 10க்கு கீழ போனா நம்பரையே மறைச்சிடும். மூணு வருஷம் சேர்த்து கூட்டிப் பாத்தேன், என் கற்பனை கணக்குப்படி 9தான் வரும், அதுவும் பத்தல. கடைசில அந்த வரிசைல ரேட் போடாம எண்ணிக்கைன்னு மட்டும் எழுதி ஒரு நட்சத்திரக் குறி போட்டேன். கமிட்டில ஒருத்தர் கட்டம் காலியா இருக்கேன்னு கேட்டாரு, காலியா இருக்கறதுதான் சரின்னு சொல்ல எனக்கு பத்து நிமிஷம் ஆச்சு.

அப்புறம் சரி, பெருசுங்களை விட்டுட்டு 65க்கு கீழ உள்ளவங்களை மட்டும் தனியா ஒப்பிடுவோம், புஷ்னெல், வெப்ஸ்டர், வைல்ட்வுட் பக்கம் இருக்கற சாதாரண குடும்பங்க நிலைமை தெரியும்னு நெனச்சேன். நல்ல யோசனைதான். ஆனா கோல்மன்ல பெரிய ஃபெடரல் ஜெயில் வளாகம் இருக்கு, ஆயிரக்கணக்குல கைதிங்க, இதுபோக ஸ்டேட் ஜெயில் ஒன்னு. சென்சஸ்ல அவங்களும் இந்த கவுண்டி மக்கள்தான். 65க்கு கீழ உள்ள ஆம்பளைங்க கணக்கை எடுத்தா அதுல கணிசமான பேர் கம்பிக்கு உள்ள இருக்காங்க, அவங்களுக்கு வேலையும் இல்ல, குடும்ப டாக்டரும் இல்ல, சர்வே போனும் போகாது. மக்கள்தொகையால வகுக்கற ஒவ்வொரு ரேட்லயும் கீழ அவங்க உக்காந்திருக்காங்க. வெப்ஸ்டர்ல திங்கக்கிழமை ஒரு சந்தை கூடும், ஒரு நாள் போய் காய்கறி வாங்கிட்டு சுத்திப் பாத்தேன், தி வில்லேஜஸ்ல இருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது, வேற உலகம். அந்த ரெண்டு உலகத்தையும் கூட்டி வகுத்து சராசரின்னு ஒரு நம்பர் போட்டு அதை ஸ்டேட்டோட ஒப்பிடறோம். இதுக்கு என்கிட்ட தீர்வு இல்ல, சென்சஸ் ட்ராக்ட் வாரியா, அதாவது கவுண்டிக்குள்ள சென்சஸ் பிரிச்சிருக்கற சின்ன சின்ன பகுதி வாரியா, வறுமை, இன்சூரன்ஸ் மட்டும் ஒரு மேப்ல போட்டு பின்னாடி ஒட்டினேன். அதுலயும் சென்சஸ் சர்வே அஞ்சு வருஷ சராசரி, பிழை எல்லை பெருசு, ஆனாலும் ஒன்னுமில்லாததுக்கு பரவால்ல.

டெலிபோன் சர்வே நம்பருங்க, அதாவது யாருக்கு சுகர், யார் புகைக்கறாங்க மாதிரி விஷயம், சீக்கிரமா சொல்லிடறேன். ஸ்டேட் அளவுல வருஷா வருஷம் வரும், ஃப்ளோரிடால கவுண்டி அளவுல 2013, 2016, 2019ன்னு மூணு வருஷத்துக்கு ஒரு தரம்தான். 2011ல செல்போனையும் சேர்த்து எடை போடற முறையையே மாத்திட்டாங்க, அதனால 2010 நம்பரோட 2013ஐ கோடு போட்டு இணைக்கக் கூடாது, நான் இணைச்சேன், அழிச்சேன். சிடிசியோட ப்ளேசஸ் தளத்துல ஒவ்வொரு கவுண்டிக்கும் அழகா நம்பர் இருக்கும், ஆனா அது அங்க போய் கேட்டு வந்தது இல்ல, மாடல் போட்டு கணிச்சது. அதை வெச்சு நம்ம திட்டம் வேலை செஞ்சுதான்னு பாக்காதீங்கன்னு அவங்களே எழுதி வெச்சிருக்காங்க, யார் படிக்கறா.

இன்னொன்னு, ஒரே வருஷம், ஒரே நோய், ஸ்டேட் தளத்துல ஒரு ரேட், வொண்டர்ல வேற ரேட். ரெண்டு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டேன். செத்தவங்க எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்னுதான், கீழ வகுக்கற மக்கள்தொகை வேற. ஸ்டேட் தளம் ஃப்ளோரிடா சட்டமன்றத்தோட மக்கள்தொகை ஆய்வுப் பிரிவு போடற மதிப்பீட்டை எடுத்துக்குது, சிடிசி சென்சஸ் பியூரோவோடதை. பத்து வருஷத்துல 39% வளர்ந்த கவுண்டில ரெண்டு பேர் மதிப்பீடும் ஒத்துப்போகாது. எதையோ ஒன்னை எடுத்துக்கோ, கவுண்டிக்கும் ஸ்டேட்டுக்கும் அதே ஒன்னா இருக்கட்டும்னாங்க மேடம், அதோட அந்த பஞ்சாயத்து முடிஞ்சுது.

கமிட்டி மீட்டிங் நல்லபடியா போச்சு. ரெண்டு பக்கம் அஞ்சு பக்கமாயிருந்துச்சு. தாத்தா முன் வரிசைல உக்காந்து பேப்பரை புரட்டிட்டு கடைசில கை தூக்கினாரு. "நான் மே மாசம் ஆனா மிச்சிகன் போயிடுவேன், அக்டோபர்லதான் வருவேன், அங்க செத்தா எந்தக் கணக்கு?" எனக்கு அது தெரிஞ்சிருந்துச்சு, எங்க செத்தாங்கங்கறது கணக்கில்ல, இறப்பு சான்றிதழ்ல நிரந்தர முகவரின்னு எது இருக்கோ அந்த கவுண்டிலதான் ஏறும்னு சொன்னேன். டிரைவர் லைசென்ஸ் எடுத்துப் பாத்தாரு, சம்டர்தான். "அப்ப உன் பெட்டில எனக்கும் ஒரு இடம் இருக்கு"ன்னுட்டு பேனாவை எடுத்து என் ஷீட்ல 85க்கு கீழ இருக்கற வயசுப் பிரிவுக்கு பக்கத்துல ஒரு டிக் போட்டாரு.