கோட்டாறில் பார்க்க வேண்டியது கல்லறை மட்டுமல்ல

நாகர்கோவில் சந்திப்பில் இறங்கினால் கோட்டாறு சவேரியார் பேராலயம் பக்கம்தான். வெளியூர் ஆள் என்று தெரிந்ததும் ஆட்டோவில் கேட்கிற காசு அநியாயம். வெயில் இல்லையென்றால் நடந்துவிடலாம். மிச்சப்படும் காசுக்கு மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் சாப்பிடலாம். தேங்காய் அரைத்துப் போட்டு மசித்த கிழங்கு, மேலே புளி தூக்கலான சிவப்புக் குழம்பு. இதற்காகவே இன்னொரு தடவை வரலாம்!

வருகிறவர்கள் பேராலயத்தில் இருக்கும் புனிதர் தேவசகாயம் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். இந்தக் கரையில் சபையை ஓட்டியவர்களை யாரும் விசாரிப்பதில்லை. 1544 கடைசியில் ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாகச் சவேரியார் எழுதியிருக்கிறார். கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார். மிச்ச வேலை முழுக்கக் கணக்கப்பிள்ளை, அதாவது ஊர் வேதியர் தலையில். பிள்ளைகளுக்குத் தினமும் ஜெபம், பெண்களுக்குச் சனிக்கிழமை, ஆண்களுக்கு ஞாயிறு, சாகக் கிடக்கும் குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம். சம்பளம் எங்கிருந்து? முத்துக்குளித்துறை வரியில் போர்த்துகல் ராணியின் செருப்புச் செலவுக்கென்று ஆண்டுக்கு 4,000 பணம் போய்க்கொண்டிருந்தது. அதைத்தான் சவேரியார் கேட்டு வாங்கினார்.

அந்தக் காலத்தில் அதே கணக்கப்பிள்ளையின் மகன் சாமியார் ஆக வேண்டுமென்றால் கதை வேறு. முதலில் கோவாவுக்குக் கப்பல். அங்கே 1541இல் தொடங்கிய, சாமியாருக்குப் படிக்கும் குருமடம். பிறகு படிப்படியாக ஏற வேண்டும்: முடி கத்தரிப்பு, வாயில்காப்போன், வாசகர், பேயோட்டுபவர், பீடப்பணியாளர். திரிதெந்து சங்கம் என்ற கத்தோலிக்க ஆயர்கள் கூட்டம் வைத்த கணக்கில், குருவுக்கு முந்தைய படிகளான உபதியாக்கோன் 22 வயதில், தியாக்கோன் 23இல், குரு 25இல். பலர் தடுக்கி விழுந்த இடம் லத்தீன். பூசைப் புத்தகம், திருச்சபைச் சட்டம், இறையியல் எல்லாம் அந்த மொழியில்தான்.

லத்தீன் வந்தாலும் போதாது. கொல்லத்துப் பிராமணர் பேரோ லூயிஸ் சவேரியாரின் துறவற சபையான இயேசு சபையில் சேர்ந்து 1575இல் குருவானார். அவருக்குப் பின் அந்தச் சபை இந்தியர்களுக்குக் கதவைச் சாத்திக்கொண்டது. பச்சையான நிறபேதம், வேறென்ன சொல்ல? உள்நாட்டுக் குருக்களுக்காகவே கண்டியில் போப்பாண்டவர் குருமடம் வந்தது 1893இல். கோட்டாறு மறைமாவட்டம் 1930இல். முதல் ஆயர் லாரன்ஸ் பெரைரா, இந்தியர். சவேரியார் வந்து 386 வருஷம் கழித்து!

லத்தீனைக் கண்ணால் பார்க்க வடசேரியில் தக்கலை பஸ் ஏறி, புலியூர்க்குறிச்சியில் இறங்கவும். எக்ஸ்பிரஸில் ஏறினால் தக்கலைக்கே கொண்டுபோய்விடும், திரும்பி வர இன்னொரு டிக்கெட். உதயகிரிக் கோட்டைக்குள், கூரையில்லாத சிற்றாலயத்தில், தேவசகாயத்துக்கு வேதம் சொன்ன, டச்சுக் கம்பெனியிலிருந்து வந்து திருவிதாங்கூர்த் தளபதியான டிலனாயின் கல்லறை இருக்கிறது. கல்வெட்டு லத்தீனிலும் தமிழிலும் உண்டு. உச்சி வெயிலில் எழுத்து மங்கித் தெரியும். வெயில் சாய்ந்த பிறகு போங்கள்.