ஹாரோவில் வீடு வாங்கினோம்: சர்ச் அறிக்கைக்கு யார் பொறுப்பு?

இங்கிலாந்தில் வீடு வாங்கப் போகிறோம் என்று சொன்னால், "சர்ச் எல்லாம் சாலிசிட்டர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லாத ஆள் கிடையாது. பாதி உண்மை. சர்ச் என்பது வாங்கப்போகும் சொத்தைப் பற்றி உள்ளூர் நிர்வாகமான கவுன்சில், தண்ணீர் நிறுவனம் போன்றவற்றின் பதிவுகளில் தேடிப் பெறும் அறிக்கை. சாலிசிட்டர் என்பவர் வீடு வாங்கும் சட்ட வேலையைச் செய்யும் வழக்கறிஞர். சர்ச் போடுவது அவர் வேலை. வந்த பதில்களைப் படித்து, நமக்குப் பாதகமாக என்ன இருக்கிறது என்று சொல்வதும் அவர் வேலைதான். ஆனால் அவர் அந்த வீட்டு வாசலை மிதிக்கவே மாட்டார். எங்களுக்கு வந்த சிக்கல் முழுக்க இதில்தான் இருந்தது.

வடமேற்கு லண்டனில், ஹாரோவில், 1950-களில் கட்டிய, ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டிய செமி டிடாச்டு வீடு. விற்பவர் 2003-ல் சமையலறையைப் பின்பக்கம் நீட்டியிருந்தார். அதற்கும் அப்பால் கொஞ்சம் இழுத்து, அம்மா வந்தால் தங்குவதற்குக் கீழ்த்தளத்திலேயே ஓர் அறை போடவேண்டும் என்பது எங்கள் கணக்கு. அந்த இடம் இல்லையென்றால் இந்த வீடே வேண்டாம் என்ற அளவுக்கு.

ஊரில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பதுபோல ஒரே சான்றிதழில் இங்கே காரியம் முடியாது. உரிமையும் அடமானமும் லேண்ட் ரெஜிஸ்ட்ரி ஆவணத்தில் இருக்கும். மற்றதெல்லாம் தனித்தனி சர்ச். கவுன்சில் சர்ச்சில் இரண்டு பகுதி. எல்எல்சி1 என்பது நிலத்தின் மேல் பதிவாகியிருக்கும் கட்டுப்பாடுகள்: பாதுகாக்கப்பட்ட மரம், பழமைப் பாதுகாப்புப் பகுதி, பிளானிங் (கட்டத் திட்ட அனுமதி) நிபந்தனைகள். கான்29 என்பது கவுன்சிலிடம் கேட்கும் கேள்விகள்: இந்த வீட்டுக்கு என்னென்ன பிளானிங் அனுமதி, கட்டட விதிச் சான்றிதழ் உண்டா, முன்னால் போகும் சாலையைக் கவுன்சில் பராமரிக்கிறதா, ஏதாவது நடவடிக்கை நோட்டீஸ் நிலுவையில் இருக்கிறதா. அப்புறம் தண்ணீர், கழிவுநீர் சர்ச். ஹாரோவில் குடிதண்ணீர் அஃபினிட்டி வாட்டர், கழிவுநீர் தேம்ஸ் வாட்டர். இரண்டு பக்கத்துப் பதிலும் வேண்டும். கடைசியாகச் சுற்றுச்சூழல் சர்ச்: மாசுபட்ட நிலம், வெள்ள அபாயம், களிமண் சுருங்கி அஸ்திவாரம் இறங்கும் வாய்ப்பு. இந்தப் பக்கமெல்லாம் லண்டன் களிமண் என்பதால் அந்தக் கடைசி வரி அநேகமாக எல்லோருக்கும் வரும், பயந்துவிட வேண்டாம். நிலக்கரி வெட்டிய பகுதியில் வாங்குகிறவர்களுக்குச் சுரங்க சர்ச் தனி.

ரொக்கமாக வாங்குகிறவர் சர்ச்சே வேண்டாம் என்று சொல்லலாம். மார்ட்கேஜ் வாங்கினால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. பெரும்பாலும் நம் சாலிசிட்டரேதான் வங்கிக்கும் சாலிசிட்டர். வங்கிக்கு அவர் கொடுக்கும் உத்தரவாதத்துக்கு இந்த அறிக்கைகள் வேண்டும்.

எங்கள் கழிவுநீர் சர்ச் வந்தது. "சொத்தின் எல்லைக்குள் பொதுக் கழிவுநீர்க் குழாய் உள்ளதா?" என்ற கேள்விக்கு, வரைபடத்தின்படி இல்லை என்று பதில். இணைத்திருந்த வரைபடத்திலும் குழாய்க் கோடு தெருவோடு போய்விட்டது. எங்கள் எல்லைக்குள் வெறும் வெள்ளை. சாலிசிட்டர் நிறுவனத்தில் எங்கள் கோப்பைப் பார்த்தவர் சாலிசிட்டர் அல்ல, அவருக்குக் கீழே கோப்பைக் கவனிக்கும் கேஸ் ஹேண்ட்லர். அவர் எழுதிய நீளமான அறிக்கையில் இதற்கு ஒரே வரி: கவலைப்பட ஒன்றுமில்லை.

ஆனால் பின்கட்டில், சமையலறைச் சுவரிலிருந்து இரண்டு எட்டு தள்ளி, சிமென்ட் தளத்தில் ஒரு மேன்ஹோல் மூடி இருப்பதை நாங்கள் பார்த்திருந்தோம். பூந்தொட்டி ஒன்றை அதன் மேல் வைத்திருந்தார்கள். வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தால் பக்கத்து வீட்டிலும் அதே நேர்கோட்டில் ஒரு மூடி. இரண்டு வீட்டுக்கும் சேர்ந்து ஒரு குழாய் ஓடுகிறது என்று தெரிய பிளம்பராக இருக்க வேண்டியதில்லை.

வீட்டைப் பரிசோதித்த சர்வேயரும் மூடியைக் கவனித்திருந்தார். "வடிகால் பகிரப்பட்டதாகத் தோன்றுகிறது, சட்ட ஆலோசகர் உறுதிசெய்ய வேண்டும்" என்று எழுதியிருந்தார். அதைக் காட்டிக் கேஸ் ஹேண்ட்லரிடம் கேட்டால், "வடிகாலின் நிலை சர்வேயர் விஷயம், எங்கள் சர்ச் சுத்தமாக இருக்கிறது" என்றார். சர்வேயர் மூடியைப் பார்த்தார், சர்ச்சைப் பார்க்கவில்லை. சாலிசிட்டர் தரப்பு சர்ச்சைப் பார்த்தது, மூடியைப் பார்க்கவில்லை. இரண்டையும் பார்த்த ஒரே தரப்பு நாங்கள்தான்.

சர்ச் அறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளில் விடை இருந்தது. 2011 அக்டோபர் 1 அன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும், ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் பொதுவான தனியார் கழிவுநீர்க் குழாய்கள், பொதுக் குழாயோடு சேர்பவை, பெரும்பாலும் அந்தந்தக் கழிவுநீர் நிறுவனங்களின் பொறுப்புக்குப் போய்விட்டன. அப்படி மாறிய குழாய்கள் வரைபடத்தில் இல்லாமலிருக்கலாம் என்று குறிப்பே சொல்கிறது. "வரைபடத்தின்படி இல்லை" என்றால் மண்ணுக்கடியில் இல்லை என்று ஆகாது. பொதுக் குழாயிலிருந்து 3 மீட்டருக்குள் கட்டடம் எழுப்ப நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். எங்கள் அறை அந்த மூடியின் மேலேயே உட்கார்ந்திருக்கும்.

தொலைபேசியில் பேசிப் பயனில்லை என்று ஒரு மின்னஞ்சல் எழுதினேன். மூடியின் படம், பக்கத்து வீட்டு மூடியின் படம், சர்வேயரின் பத்தி, நாங்கள் கட்ட நினைக்கும் அறையின் கைவரைபடம் நான்கையும் இணைத்தேன். "இந்த இடத்தில் கட்டுவதற்காகத்தான் இந்த வீட்டை வாங்குகிறோம். இந்தக் குழாய் பொதுக் குழாயா, கட்டத் தடை உண்டா என்று எக்ஸ்சேஞ்சுக்கு முன் எழுத்தில் ஆலோசனை வேண்டும்." அவ்வளவுதான். முன்னும் பின்னும் மரியாதை வாசகங்கள். எக்ஸ்சேஞ்ச் என்பது இரு தரப்பும் ஒப்பந்தத்தை மாற்றிக்கொண்டு கட்டுப்படும் கட்டம். கோப்பை மேற்பார்வையிடும் சாலிசிட்டருக்கும் நகல் போட்டேன். அவர் பெயர் முதலில் வந்த ஒப்பந்தக் கடிதத்தில் இருந்தது.

அந்த அஞ்சலுக்குப் பிறகு தொனியே மாறிவிட்டது. சாலிசிட்டரே கூப்பிட்டார். பகிர்ந்த குழாய் என்றால் அது இன்று பொதுக் குழாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றார். 2003 எக்ஸ்டென்ஷன் கட்டும்போது அது தனியார் குழாய், ஆகவே அப்போது நிறுவனத்தின் ஒப்புதல் தேவைப்பட்டிருக்காது. கவுன்சிலின் கட்டட விதிச் சான்றிதழ் இருக்கிறதா என்பதே கேள்வி, அது கான்29-ல் இருக்கிறது. புதிய அறைக்கு ஒப்புதல் கண்டிப்பாக வேண்டும். மேன்ஹோலை வீட்டுக்குள் வைத்துக் கட்ட விடமாட்டார்கள், நகர்த்தினால் செலவு நம்முடையது. இதைத்தான் நாங்கள் முதலிலேயே கேட்க விரும்பினோம்.

இடையில் கேஸ் ஹேண்ட்லர் ஒரு இன்டெம்னிட்டி பாலிசி எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். இங்கே எந்தக் காகிதம் காணாமல் போனாலும் இந்தக் காப்பீட்டை நீட்டுவார்கள். ஏற்கெனவே கட்டிய சுவருக்கு எதிராக யாராவது நடவடிக்கை எடுத்தால் வரும் நஷ்டத்துக்கு அது பயன்படலாம். நாளைக்கு நாம் கட்டப்போகும் அறைக்கு அது ஒன்றும் செய்யாது. இன்னொன்று, இந்தப் பாலிசிகளில் பொதுவாக ஒரு நிபந்தனை உண்டு: பிரச்சினையைப் பற்றிச் சம்பந்தப்பட்ட அதிகாரிகளிடம் முன்கூட்டிப் பேசியிருக்கக் கூடாது. அவசரப்பட்டு கவுன்சிலுக்கோ தண்ணீர் நிறுவனத்துக்கோ போன் போடுவதற்கு முன் சாலிசிட்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

எக்ஸ்சேஞ்சுக்கு முன் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்தோம். விற்பவர் மறுக்கவில்லை. குழாய் சமையலறைக்கு அடியில் புகுந்து பக்கத்து வீட்டுக்குப் போனது. ஓரிடத்தில் வேர் புகுந்து விரிசல். விலையைக் குறைக்கச் சொல்லலாம் என்று மனைவி சொன்னாள். ஆனால் பகிர்ந்த பகுதியைப் பழுதுபார்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு, நம் வீட்டுக்கு மட்டுமான கிளை எல்லைக்குள் இருந்தால்தான் நம் பொறுப்பு. விரிசல் பகிர்ந்த பகுதியில். கேமரா அறிக்கையைப் பார்த்து ஆர்க்கிடெக்ட் அறையைப் பக்கவாட்டில் திருப்பினார், மூடி வெளியே நின்றது. அதன் பிறகே கையெழுத்துப் போட்டோம். இந்த நாட்டில் எக்ஸ்சேஞ்ச் வரை யாரும் விலகலாம், அதற்குப் பின் விலகினால் வழக்கமான 10 சதவீத முன்பணத்துக்கு ஆபத்து. சந்தேகம் எதுவானாலும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே தீர வேண்டும்.

சர்ச் காட்டாத இன்னொரு பெரிய விஷயம் அக்கம்பக்கம். கவுன்சில் சர்ச்சில் வரும் பிளானிங் விவரம் நாம் வாங்கும் சொத்துக்கு மட்டும். எதிர்மனையில் ஆறு மாடி வரப்போகிறதா என்பது அதில் வராது. தனியாகப் பணம் கட்டி பிளானிங் சர்ச் போடச் சொல்லலாம், அல்லது கவுன்சிலின் பிளானிங் தளத்தில் நாமே இலவசமாகத் தேடலாம். நாங்கள் தெருப் பெயரைப் போட்டுத் தேடியே பார்த்துக்கொண்டோம்.

அப்படிப் போட்ட சர்ச்சின் பதிலைச் சாலிசிட்டர் தன்னிடமே வைத்துக்கொண்டால்? லண்டன் செயின்ட் ஜான்ஸ் வுட்டில் இரண்டரைக் கோடி பவுண்டுக்கு மேற்பட்ட ஒரு வீட்டு விஷயத்தில் அதுதான் நடந்தது. அருகே பெரிய பள்ளிக் கட்டுமானம் வரப்போவதை பிளானிங் சர்ச் காட்டியது, வாங்கும் தரப்புக்கு அந்த அறிக்கை போகவில்லை. எக்ஸ்சேஞ்சுக்குப் பிறகு விஷயம் தெரிந்து அவர்கள் பின்வாங்கினார்கள், முன்பணத்தில் பாதி போயிற்று. சாலிசிட்டர் நிறுவனம்தான் ஈடு கட்டவேண்டும் என்ற தீர்ப்பை 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்தது. கைக்கு வந்த அறிக்கையைச் சொல்லாமல் விடுவது அவர்கள் தவறு. நாம் சொல்லாத திட்டத்துக்கு ஆலோசனை தராதது பெரும்பாலும் அவர்கள் தவறாகாது. என் மின்னஞ்சலின் பலம் அதுதான்: திட்டம் கோப்பில் ஏறிவிட்டது.

சாலிசிட்டர் மேல் குறை இருந்தால் முதலில் அவர் நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 8 வாரத்தில் தீராவிட்டால், சட்டச் சேவை பற்றிய புகார்களை விசாரிக்கும் லீகல் ஆம்பட்ஸ்மன். கட்டணம் கிடையாது, 50,000 பவுண்டு வரை ஈடு தரச் சொல்ல அதிகாரம் உண்டு. ஆனால் நடந்ததிலிருந்தோ தெரியவந்ததிலிருந்தோ ஓராண்டுக்குள் போக வேண்டும். அதைவிடப் பெரிய நஷ்டம் என்றால் நீதிமன்றம்தான். அதற்குப் பொதுவாக 6 ஆண்டு. மறைந்திருந்த குறை பின்னால் தெரிந்தால், தெரிந்ததிலிருந்து 3 ஆண்டு, எப்படியானாலும் மொத்தம் 15 ஆண்டுக்கு மேல் இல்லை. வீடு வாங்கிய கோப்பை அதுவரை தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், முக்கியமாக நீங்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கு வந்த பதில்களும் இருக்கும் மின்னஞ்சல்களை.