பரம்பரை வெள்ளி ரூபாய்கள்: சோதனை நாட்குறிப்பு

ஜூன் 2

சுருக்குப்பையிலும் பித்தளைச் செம்பிலுமாக 41 காசுகள். பாதிக்கு மேல் கறுத்துக் கிடக்கின்றன. இன்றைக்கு வேலை ஒன்றுதான்: கழுவாமல் ஒரு பருத்தித் துணியில் பரப்பி வைப்பது.

புளி, சாம்பல், பற்பசை, கொலுசு பளபளக்க முக்கி எடுக்கும் திரவம், அலுமினியத் தாளோடு சோடா உப்பு, எதுவும் கிட்டே வரக்கூடாது. அந்தக் கறுப்பு மேலே ஒட்டிய அழுக்கில்லை. காற்றிலுள்ள கந்தகம் பட்டு, காசின் மேல்தோலே வெள்ளி சல்பைடாக மாறியிருக்கிறது. தேய்த்தால் அந்தத் தோல் போய்விடும். 10 மடங்கு பெரிதாக்கும் லூப்பில் (கைக்கண்ணாடி) பார்த்தால் மயிரிழைக் கீறல்கள் ஒரே போக்கில் ஓடுவது தெரியும். தேய்த்த காசு என்று சேகரிப்பாளர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். பிறகு வெள்ளி விலைக்கு மேல் பேச்சே இருக்காது.

மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிடலாம். பூஜையறை எண்ணெய்ப் பிசுக்குக்கு மட்டும் சுத்தமான அசிட்டோன், சில நிமிடம், ஜன்னலைத் திறந்து வைத்து, நெருப்பில்லாத இடத்தில். எடுத்ததும் ஒற்ற வேண்டும், துடைக்கக் கூடாது.

ஜூன் 3

ஆண்டுவாரியாகப் பிரித்தாயிற்று. 1835 முதல் 1939 வரையிலான ரூபாய்களில் 91.7% வெள்ளி. 1940–45 ரூபாயில் பாதிதான் வெள்ளி. மீதி 40% செம்பு, நிக்கலும் துத்தநாகமும் தலா 5%. அவற்றின் விளிம்பில் பல்வெட்டுக்கு (சுற்றிலும் ஓடும் நெருக்கமான வரிகள்) நடுவே ஒரு பள்ளக் கோடு ஓடும். 1947 புலி ரூபாய் முழுக்க நிக்கல். காந்தத்தில் ஒட்டும், ஆனால் அசல். அதைப் போலி என்று தூக்கிப் போட வேண்டாம். வெள்ளிக் கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள்.

விக்டோரியா காசில் ஆண்டை அப்படியே நம்ப முடியாது. 1862 என்று போட்ட அச்சு 1874 வரை ஆண்டு மாறாமல் ஓடியது. 1877 முதல் ராணி என்ற பட்டம் போய்ப் பேரரசி என்ற பட்டம் வந்தது. பேரரசி பட்டத்தோடு 1862 இருந்தால் அது அசலாக இருக்க வழியில்லை.

ஜூன் 5

எடை. ஒரு ரூபாய் என்றால் ஒரு தோலா, 180 கிரெய்ன், 11.66 கிராம். அரை ரூபாய் 5.83, கால் ரூபாய் 2.92, இரண்டணா 1.46. தராசு 0.01 கிராம் காட்ட வேண்டும். சமையலறைத் தராசு உதவாது.

பெரும்பாலானவை 11.40-க்கும் 11.62-க்கும் நடுவே நின்றன. புழங்கிய காசு இளைப்பது இயல்பு. எடையும் தேய்மானமும் ஒத்துப்போகின்றனவா என்பதே கேள்வி. கிரீடமும் காதும் வழவழவென்று மழுங்கியும் 11.66 அப்படியே நின்றால் சந்தேகம். முகம் கூர்மையாக இருந்து 10.2 காட்டினாலும் சந்தேகம். ஒன்று 11.84 காட்டியது. விளிம்பைப் பார்த்தால் பல்வெட்டு இரண்டு இடத்தில் அடைந்து, மேலே மஞ்சளோடிய சிறு திட்டு: காசுமாலைக்கு வளையம் பற்றவைத்து, பிறகு பிடுங்கியிருக்கிறார்கள். கூடுதல் எடை பற்றாசு. வெள்ளி அசல்தான், சேகரிப்பு மதிப்பு போய்விட்டது.

ஜூன் 6

காசுக்குச் சேதமில்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகளில் இதை மிஞ்சியது இல்லை: நீரில் தொங்கவிட்டு அடர்த்தி பார்ப்பது. தராசில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்க வேண்டும். காசை மெல்லிய நைலான் நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுக்க அமிழ்த்தி, தராசு காட்டுவதைக் குறிக்க வேண்டும். காற்றில் எடுத்த எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி.

91.7% வெள்ளிக்கு 10.3 அளவில் வர வேண்டும். 1940–45 காசுக்கு 9.5. நிக்கல் கலந்த செம்பு என்றால் 8.9.

ஒரு விக்டோரியா: 11.52-ஐ 1.11-ஆல் வகுக்க 10.38. சரி. இன்னொன்று பார்வைக்கு அச்சு அசல், காற்றில் 11.49, நீரில் 1.33. அடர்த்தி 8.64. முலாம் பூசிய போலி. எடையைச் சரிக்கட்டியவர் அதற்காகக் காசைத் தடிமனாக்கியிருக்கிறார். பக்கத்தில் அசலை வைத்தால் கண்ணுக்கே தெரிகிறது.

தவறு எங்கே வரும்? எழுத்துகளின் இடுக்கில் காற்றுக்குமிழி நிற்கும். நீர் இடம்பெயர்வது கூடி, நல்ல காசும் போலிபோல் காட்டும். ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, காசை மெதுவாக ஆட்டினால் குமிழி விலகும். காசு அடியில் பட்டால் எண் சட்டென்று எகிறும். இரண்டணாவுக்கு இந்த முறை வேண்டாம்: அங்கே நீரளவு 0.14 தான், 0.01 பிசகினாலே விடை 7% மாறும்.

காசைத் தரையில் சுண்டி ஓசை கேட்பதை விட்டுவிடலாம், விளிம்பு நசுங்கும். உரைகல்லில் தேய்ப்பதும் அப்படித்தான். நகைக்கடைக் காரட் மீட்டர் மேல்தோலை மட்டுமே பார்க்கும். கனமான வெள்ளி முலாம் அதை ஏமாற்றும்.

ஜூன் 8

லூப்போடு விளிம்பும் எழுத்தும். வார்த்த போலியில் விளிம்பைச் சுற்றி ஒரு ஒட்டுக்கோடு, அல்லது அதை அரம் போட்டு மறைத்த தடம். பரப்பில் ஊசிமுனைக் குழிகள். எழுத்துகள் தேய்ந்த சோப்பில் பதிந்ததுபோல் சரிவாகக் காசின் தரையில், அதாவது எழுத்தில்லாத சமபரப்பில், கலக்கும். அசலில் செங்குத்தாக எழும்.

1939 ரூபாய் ஒன்று. அபூர்வ ஆண்டு, அதனாலேயே 1938-ன் எட்டை ஒன்பதாகச் செதுக்குவார்கள். இந்தக் காசில் 9-ன் இடப்பக்கக் கீழ்ப்பகுதியில் மட்டும் தரை பளிச்சென்று இருக்கிறது. சுற்றிலும் சீரான சாம்பல் நிறம். எடை, அடர்த்தி இரண்டும் சரி, காசு வெள்ளிதான். ஆண்டு மட்டும் பொய்.

ஜூன் 9

விலை. அடித்தளம் வெள்ளி: 11.66 கிராம் ரூபாயில் 10.69 கிராம் தூய வெள்ளி, 1940–45 காசில் 5.83. அன்றைய கிராம் விலையால் பெருக்கினால் அதற்குக் கீழே விற்கக்கூடாத எல்லை தெரியும். தேய்ந்த காசுக்கு உள்ள எடையை வைத்துக் கணக்கிடுங்கள்.

ஐந்தாம் ஜார்ஜ் 1918, 1919, 1920 குவியலாக இருக்கின்றன. முதல் உலகப் போரில் இந்தியாவில் வெள்ளித் தட்டுப்பாடு. அமெரிக்கா 1918-ல் சட்டமியற்றி, சுமார் 25.9 கோடி வெள்ளி டாலர்களை உருக்கி அந்த வெள்ளியை இந்தியாவுக்காகப் பிரிட்டனுக்கு விற்றது. அந்த ஆண்டுகளின் காசு புழங்கிய நிலையில் வெள்ளி விலையையே ஒட்டிப் போகும். தனியே எடுத்து வைக்க வேண்டியவை 1911, 1922, மெய்யான 1939. 1911-ல் அரசர் அங்கியிலுள்ள யானை பன்றிபோல் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்ப, காசு திரும்பப் பெறப்பட்டு, 1912-ல் உருவம் திருத்தப்பட்டது.

பழைய காசுக்கு லட்சங்கள் தருவதாக வரும் விளம்பரங்களில் முன்பணம், வரி, கமிஷன் கேட்டால் அதோடு நிறுத்துங்கள். தன் பெயரில் இப்படிக் கட்டணம் வாங்க யாருக்கும் அதிகாரம் தரவில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது.

ஜூன் 11

மீந்தவை. ராமர், அனுமன் உருவமும் கிழக்கிந்தியக் கம்பெனி பெயரும் 1818 என்ற ஆண்டும் உள்ள இரண்டு: கம்பெனி அடித்தவை அல்ல, பின்னால் வந்த கோயில் வில்லைகள்.

பாரசீக எழுத்து மட்டும் உள்ள தடித்த சிறு காசு ஆற்காட்டு ரூபாய். அச்சு காசைவிடப் பெரிது என்பதால் எழுத்து பாதியில் வெட்டுப்பட்டிருப்பது குறையில்லை. பிறைக்குறி இருந்தால் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர் அடித்தது. கம்பெனியின் காசில் ஹிஜிரி 1172 என்ற ஆண்டு மாறாமலே இருக்கும். இது விஷயம் தெரிந்தவர் நேரில் பார்க்க வேண்டிய காசு.

100 ஆண்டு கடந்த காசு 1972 சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்குத் தபாலில் அனுப்பக் கூடாது. வீட்டில் வழிவழியாக வந்ததை வைத்துக்கொள்ளலாம். பழைய சுவரை இடிக்கும்போது கிடைத்தது என்றால் வேறு கதை: 1878 புதையல் சட்டம் மண்ணில் மட்டுமல்ல, மண்ணோடு சேர்ந்த கட்டடத்தில் மறைந்திருப்பதையும் சேர்த்தே சொல்கிறது. கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஜூன் 12

பெட்டி. மென்மையான பிவிசி பாக்கெட்டுகள் வேண்டாம். சில ஆண்டுகளில் பச்சைப் பிசுபிசுப்பு கசிந்து காசில் ஏறும். மைலார் (பாலியெஸ்டர் தாள்) உறை, காசுக்கு ஒன்று. ரப்பர் பேண்டும் ஆகாது, அதில் கந்தகம் உண்டு. உறையின் மேல் எழுதியவை: ஆண்டு, எடை, நீரளவு, விளிம்பில் கண்டது. போலிகளுக்கும் உறை போட்டு, சிவப்பு மையில் குறித்து, தனிப் பெட்டியில் வைத்தாயிற்று.