ஒரு மூடி கூடுதல் ஹார்டனர்

ஃபோமில் செய்த படகின் இடது பக்கத்துக்கு, ரெசின் என்கிற பிசினில் நனைத்த கண்ணாடி நார்த் துணி போட்டு மூன்றாம் நாள் காலை. பெருவிரலை வைத்து அழுத்தினேன், ரேகை அப்படியே பதிந்தது. முந்தின வாரம் போட்ட வலது பக்கமோ நகத்தால் கீறினாலும் கோடு விழாத கல்.

தப்பு என்னுடையதுதான். பல வருஷம் பாலியெஸ்டர் ரெசினில் பழகின கை. அதில் இறுகவைக்கச் சேர்க்கிற கேட்டலிஸ்ட் 1 முதல் 2 சதவீதம். குளிராக இருந்தால் அந்த அளவுக்குள்ளேயே கொஞ்சம் தூக்கி ஊற்றினால் சீக்கிரம் இறுகிவிடும். இந்தப் படகுக்கு எபாக்ஸி என்கிற வேறு ரெசின், அதை இறுகவைப்பது ஹார்டனர். அன்றைக்கு மழை, பட்டறை சில்லென்று இருந்தது. ரெசின் 5க்கு ஹார்டனர் 1 என்று டப்பாவில் போட்டிருந்த அளவுக்கு மேல் ஒவ்வொரு கப்பிலும் ஒரு மூடி ஹார்டனர் சேர்த்தேன். என்னவோ உபகாரம் செய்கிற மாதிரி!

பாலியெஸ்டரில் கேட்டலிஸ்ட் தீக்குச்சி மாதிரி, பற்றவைப்பதோடு அதன் வேலை சரி. எபாக்ஸியில் ஹார்டனரே சுவரின் ஒரு பகுதிச் செங்கல். ஜோடி கிடைக்காமல் மிஞ்சினது உள்ளேயே பிசுபிசுவென்று தங்கிவிடும். ஹீட் கன், பல்பு எல்லாம் காட்டிப் பார்த்தேன். சூடு இருக்கும்வரை இளகியது, ஆறினதும் பழையபடி ரப்பர். அவசரமென்றால் வேக ஹார்டனர் என்று தனியாக வாங்க வேண்டும், அளவைத் தொடக் கூடாது. இன்னொன்று: அந்த 5க்கு 1 கன அளவுக்கு. தராசில் வைத்தால் கணக்கு வேறு, அதையும் டப்பாவில் பார்த்துக்கொள்ளுங்கள்.

துணியை ஓரத்தில் பிடித்து இழுத்தால் உரிந்து வந்தது. கூடவே ஃபோமின் மேல்தோலும் அங்கங்கே பெயர்ந்தது. மிச்சத்தைப் பட்டித் தகட்டால் சுரண்டி, பள்ளங்களுக்கு மைக்ரோபலூன் என்கிற, உள்ளே வெற்றான நுண்ணிய உருண்டைப் பொடி கலந்த பட்டி அடைத்து முடிக்க நாலு நாள்.

திரும்பப் போட்டபோது இன்னொரு புத்திசாலித்தனம். வெயில் ஏற ஏற நன்றாக இறுகுமே என்று விடிகாலையில் ஆரம்பித்தேன். ஒன்பது மணிக்குப் பார்த்தால் துணி முழுக்க அம்மை போட்ட மாதிரி குமிழி. தேய்த்த ஃபோமின் மேல்பரப்பில் அறுபட்ட அறைகள் இருக்கின்றன. சூடேறினால் அவற்றிலிருக்கிற காற்று விரிந்து, ஈர ரெசினைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். நல்லவேளை, அப்போது ஈரம் காயவில்லை. ரோலரை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நசுக்கிக்கொண்டே இருந்தேன். இப்போது ஃபோமைக் காலையில் சூடாக விட்டு, சூடு இறங்க ஆரம்பிக்கிற பிற்பகலில்தான் ரெசினைத் தொடுகிறேன். காற்று சுருங்கும்போது ரெசினை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

ஒவ்வொரு கலவையிலும் கொஞ்சம் கப்பில் மிச்சம் வைத்து, தேதியும் நேரமும் எழுதி அலமாரியில் வைக்கிறேன். படகைத் தொடுவதற்கு முன் கப்பை அழுத்திப் பார்த்துக்கொள்ளலாம். அந்த மழைநாள் கப்பும் வரிசையில் இருக்கிறது. விரல் வைத்தால் இன்னும் ஒட்டுகிறது.