மொத்தக் குடிநீர் ஒப்பந்தம்: விலையைக் கடைசியில் பேசுங்கள்

ஒரு குடிநீர் வாரியம் பக்கத்து நகராட்சிக்குத் தண்ணீர் விற்கப் போகிறது என்றால் முதல் கேள்வியே ஆயிரம் லிட்டர் என்ன விலை என்பதுதான். நாங்கள் அதைக் கடைசிக்குத் தள்ளினோம். உச்சத் தேவை தெரியாமல் போடும் விலை வெறும் ஊகம்.

நாளுக்கு 10 லட்சம் லிட்டர் என்றால் நொடிக்கு 11.6 லிட்டர். இது சராசரிதான். கோடையில் ஒரு நாளின் தேவை இதைப் போல ஒன்றரை, இரண்டு மடங்குகூட ஆகும். காலை நேரத்தில் அதற்கும் மேல். குழாயும் பம்பும் அந்த உச்சத்துக்குப் போட வேண்டும், வருமானமோ சராசரிக்குத்தான் வரும். அதனால் அதிகபட்ச ஓட்டம் நொடிக்கு இத்தனை லிட்டர் என்று எழுதிக்கொள்ளுங்கள். வாங்கும் பக்கம் இரவில் நிரம்பும் தொட்டி ஒன்றும் கட்டாயம். கட்டணத்தையும் இரண்டாக்க வேண்டும்: ஒதுக்கிய அளவுக்கு மாதந்தோறும் நிலையான தொகை, எடுத்த தண்ணீருக்குத் தனித் தொகை.

சண்டை பெரும்பாலும் மீட்டரில்தான். மின்காந்த மீட்டருக்கு முன்னால் குழாய் விட்டத்தைப் போல 5 மடங்கு, பின்னால் 3 மடங்கு நேர்க்குழாய் விடுவது வழக்கம். செலவை மிச்சப்படுத்த அறையைச் சுருக்கி, வளைவுக்கோ பாதி திறந்த வால்வுக்கோ ஒட்டி மாட்டினால் ஓட்டம் சுழன்று அளவு தப்பும். மேடான இடத்தில் காற்று தேங்கினாலும் அப்படித்தான். ஆண்டுக்கு ஒரு சோதனை வையுங்கள். பிழை 2 சதவீதத்தைத் தாண்டி, எப்போது தொடங்கியது என்றும் தெரியாவிட்டால், முந்தைய சோதனைக்குப் பின் ஓடிய காலத்தில் பாதிக்குப் பில்லைத் திருத்துவது இரு தரப்புக்கும் நியாயம். மீட்டரைத் தாண்டி ஒழுகுவது வாங்குபவர் கணக்கு. இதை எழுத்திலேயே வைத்துவிடுங்கள்.

தரம் பற்றிய பிரிவைப் பலர் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அது போதாது. ஒரு பக்கம் குளோரின், மறுபக்கம் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) என்றிருந்தால், கலக்கும் இடத்தில் எஞ்சிய குளோரின் (குழாயில் கிருமியைத் தடுக்க மிச்சமிருக்கும் அளவு) சரியும், வாடையும் வரும். நீராதாரம் மாறினால் பழைய குழாய்களின் உட்படிவும் கரையலாம். அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரம் 2014 ஏப்ரலில் டெட்ராய்ட் தண்ணீரை விட்டு ஆற்று நீருக்கு மாறியது. அரிப்புத் தடுப்பு மருந்து சேர்க்காததால் குழாய்களிலிருந்து ஈயம் கரைந்தது. 2015 அக்டோபரில் டெட்ராய்ட் தண்ணீருக்கே திரும்பினார்கள். இணைப்புக்கு முன்பே பழைய குழாய்த் துண்டுகளில் புதுத் தண்ணீரை ஓட்டிச் சோதிப்பது இதற்காகத்தான்.

வறட்சியில் விற்பவர் தன் சொந்த இணைப்புகளுக்கு எத்தனை சதவீதம் குறைக்கிறாரோ, அதே சதவீதம்தான் வாங்குபவருக்கும். விலகும் அறிவிப்புக் காலம் மாதக் கணக்கில் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். மாற்று நீராதாரம் அமைக்கவே ஆண்டுகள் பிடிக்கும்.