பன்னிரண்டாம் வகுப்பை அனுப்புவதும், படிப்பை விட்டு நின்றவர்களை அழைத்து வருவதும்

அரசு மேல்நிலைப் பள்ளிகளில் பிரிவுபசார விழா பெரும்பாலும் பிப்ரவரியில், செய்முறைத் தேர்வை ஒட்டி நடக்கும். மேடையில் நாலைந்து பேர் பேசுவார்கள். விடாமல் முயற்சி செய் என்பதே எல்லாப் பேச்சின் சாரமும். கேட்பவர்களில் பாதிப் பேர் அந்தப் பேச்சு இல்லாமலும் தேறிவிடுவார்கள். அது தேவைப்படும் பிள்ளையோ அன்றைக்குப் பள்ளிக்கே வந்திருக்காது. வந்திருந்தாலும் கடைசி வரிசையில், இதெல்லாம் நமக்கில்லை என்ற முகத்தோடு உட்கார்ந்திருக்கும். தலைமை ஆசிரியர் நாற்காலியில் சில ஆண்டுகள் இருந்த எவருக்கும் இது தெரியும். தனியாகக் கூப்பிட்டு, தேதியும் தாளும் சேர்த்துச் சொன்ன சொல்தான் பிள்ளையிடம் நிற்கிறது.

அதற்கு நேரம் எங்கே என்பது நியாயமான கேள்வி. எமிஸ் எனும் இணைய மாணவர் விவரப் பதிவு, சத்துணவுக் கணக்கு, கட்டட வேலை, கூட்டம் என்று நாள் ஓடிவிடும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பன்னிரண்டாம் வகுப்பில் 120 பேர் இருந்தால், ஆளுக்கு 8 நிமிடம் என்று வைத்தால் மொத்தம் 16 மணி நேரம். ஒரு நாளைக்கு இரண்டு பேரைப் பார்த்தால் 60 வேலை நாள். ஜூன் கடைசியில் தொடங்கினால் அரையாண்டுத் தேர்வுக்கு வெகு முன்பே முடிந்துவிடும். மூன்று கேள்வி போதும்: காலையில் உன்னை யார் எழுப்புகிறார்கள், எந்தப் பாடம் பயமாக இருக்கிறது, பள்ளி முடிந்ததும் என்ன செய்யலாம் என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். முதல் கேள்வியில்தான் அதிகம் வெளிவரும். யாரும் எழுப்புவதில்லை, அம்மா நாலு மணிக்கே வேலைக்குப் போய்விடுகிறார் என்று ஒரு பிள்ளை சொன்னால், அதன் தாமத வருகைக்கான காரணம் வருகைப் பதிவேட்டைத் தாண்டிப் புரிந்துவிடும். பதிலை ஒரு நோட்டில், ஆளுக்கு ஒரு பக்கமாக எழுதி வைக்க வேண்டும். பேசியது மறந்துபோனால் அடுத்த முறை அதே கேள்வியைக் கேட்போம். தன்னை மறந்துவிட்டார்கள் என்று பிள்ளை அந்த இடத்தில் முடிவு செய்துவிடும்.

தேர்ச்சி பற்றிய பயத்தை வெறும் தைரியச் சொல் போக்காது, எண் போக்கும். இயற்பியலையே எடுத்துக்கொள்வோம். எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. தேர்ச்சிக்கு மொத்தம் 35 வேண்டும், அதில் எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 இருக்க வேண்டும். செய்முறையில் 15, அகமதிப்பீட்டில் 7 வாங்கிய பிள்ளையிடம் 22 ஏற்கெனவே இருக்கிறது. எழுத்துத் தேர்வில் 15 எடுத்தால் 37. ஒரு மதிப்பெண் கேள்விகளே 15 உண்டு. இதைத் தாளில் எழுதி, கூட்டிக் காட்டும்போது பிள்ளையின் முகம் மாறுவதை எந்த ஆசிரியரும் பார்த்திருப்பார். இதை நவம்பரில் சொல்ல வேண்டும். செய்முறைத் தேர்வுக்கு வராமல் போனவரிடம் மார்ச்சில் இந்தக் கணக்கைக் காட்டிப் பயனில்லை.

2023 மார்ச்சில் பிளஸ் டூ பொதுத்தேர்வின் முதல் நாள், மொழிப்பாடத் தேர்வுக்கு ஏறத்தாழ 50,000 பேர் வரவில்லை. கொரோனா காரணமாக 2021-இல் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதாமலே தேர்ச்சி பெற்று வந்த அணி அது. பிளஸ் ஒன்னிலேயே வேலைக்குப் போய்விட்ட பலரின் பெயர் பட்டியலில் மட்டும் இருந்தது. ஜூலையில் வாரத்துக்கு இரண்டு நாள் வராமல் இருந்து, செப்டம்பரில் முழுவதும் நின்றுபோன பிள்ளைக்குப் பிப்ரவரியில் ஊக்கவுரை ஆற்றி என்ன ஆகப்போகிறது? முதல் வாரம் வராதபோதே வீட்டுக்கு ஆள் போயிருக்க வேண்டும். இதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

கடைசியாக எல்லோரையும் ஒரே நாளில் பார்க்கக் கிடைப்பது ஹால் டிக்கெட் கொடுக்கும் நாள். தேர்வின் கடைசி நாள் என்று பொதுவாக ஒன்று கிடையாது. அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு, தொழிற்கல்விப் பிரிவு என்று ஆளாளுக்கு வேறு தேதியில் முடிந்து கலைந்து போவார்கள். அதனால் சொல்ல வேண்டியதை ஹால் டிக்கெட் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். பத்து மணிக்குள் அறையில் இருக்க வேண்டும், பத்து நிமிடம் வினாத்தாள் படிக்க, ஐந்து நிமிடம் விவரம் சரிபார்க்க, 10.15-க்கு எழுதத் தொடங்கி 1.15-க்கு முடிக்க வேண்டும். அதோடு கையெழுத்து வாங்கும்போதே இரண்டு தொலைபேசி எண் வாங்க வேண்டும். எமிஸில் உள்ள எண் பெரும்பாலும் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது கொடுத்தது. ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போயிருக்கும். ஒன்று பெற்றோருடையது, இன்னொன்று கூப்பிட்டால் நிச்சயம் எடுக்கும் அத்தையோ பக்கத்து வீட்டுக்காரரோ. வாங்கிய எண்ணை அங்கேயே அழைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

இந்த எண்கள் தேவைப்படுவது மே மாதம், முடிவு வரும் நாளில். பள்ளியின் பட்டியல் கைக்கு வந்ததும் தேறாதவர்களின் பெயரை முதலில் தனியே எழுத வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு, பள்ளி முதலிடம், நாளிதழுக்குப் படம் எல்லாம் மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். அரசு 2017-இலேயே தர வரிசை அறிவிப்பதை நிறுத்திவிட்டது. பள்ளி வாசலில் ஃப்ளெக்ஸ் வைப்பது மட்டும் நிற்கவில்லை. சான்றிதழ் வாங்க வரும் தேறாத பிள்ளை அந்த ஃப்ளெக்ஸைக் கடந்துதான் உள்ளே வர வேண்டும். அதைக் கட்டுவதற்கு முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

முடிவு வந்த ஒரு மணி நேரத்துக்குள் அழைத்துவிட வேண்டும். வகுப்பாசிரியர்கள் இருவரும் தலைமை ஆசிரியரும் பிரித்துக்கொண்டால், தேறாதவர்கள் பதினைந்து பேர் என்றாலும் பெரிய எண்ணிக்கை இல்லை. ஏன் இப்படி ஆச்சு என்று தொடங்கக் கூடாது. "சாப்பிட்டியா தம்பி? வீட்டுல யாரு இருக்காங்க?" இதுதான் முதல் கேள்வி. தனியாக இருந்தால் அடுத்த அழைப்பு அந்த இரண்டாவது எண்ணுக்கு. "ஒரு பாடம்தான் கண்ணு. துணைத் தேர்வு இருக்கு, இதே வருஷமே காலேஜ் சேரலாம். நாளைக்குப் பத்து மணிக்கு ஹால் டிக்கெட்டோட வா, நானே விண்ணப்பம் போட்டுத் தர்றேன்" என்று சொல்லி, அவன் வாயால் நேரத்தைத் திரும்பச் சொல்ல வைக்க வேண்டும். பிறகு அப்பாவிடம் பேச வேண்டும், கட்டாயம் பேச வேண்டும். பிள்ளையை இன்றைக்கு ஒன்றும் சொல்லாதீர்கள், தனியாக விடாதீர்கள் என்பதை ஹெச்.எம். சொன்னால் ஊரில் கேட்பார்கள். குரலில் ஏதாவது தட்டுப்பட்டால் 104, 14417 ஆகிய உதவி எண்களைச் சொல்வதோடு நிற்காமல், பக்கத்தில் இருக்கும் ஆசிரியர் யாரையாவது அந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தது என்று அழும் பிள்ளைக்கு வழி வேறு. முதலில் விடைத்தாள் நகல் வாங்க வேண்டும். பாட ஆசிரியர் அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகே மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவு செய்ய வேண்டும். இதற்கான நாள்கள் மிகக் குறைவு, அழுது தீர்த்துவிட்டு மெதுவாக வந்தால் தேதி போயிருக்கும்.

தேறியும் யார் கண்ணிலும் படாமல் போகிறவர்கள் 600-க்கு 300, 350 எடுத்தவர்கள். பாராட்டும் இல்லை, ஆறுதலும் இல்லை. கல்லூரிக்கு விண்ணப்பிக்காமலே ஜூன் கடந்துவிடுவது இவர்களில்தான் அதிகம். காரணம் பல நேரம் ஒரு சான்றிதழ். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழ் எல்லாவற்றையும் ஜனவரியிலேயே இ-சேவை மையத்தில் போட்டுவிட வேண்டும். மே மாதம் ஊரே அங்கே நிற்கும். பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி மூன்றும் ஆதாரிலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கல்லூரியில் சேரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் பிள்ளையின் சொந்த வங்கிக் கணக்குக்கே வரும். ஆதார் இணைக்காத, முடங்கிக் கிடக்கும் கணக்காக இருந்தால் வராது. அந்த 1,000 ரூபாயில்தான் பேருந்தும் மதியச் சாப்பாடும் என்று கணக்குப் போட்டிருக்கும் வீடுகள் உண்டு.

இதில் தவறான ஊக்கமும் நடக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் மருத்துவத்துக்கும் 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஏழாம் வகுப்பை மட்டும் தனியார் பள்ளியில் படித்த பிள்ளையிடம், பழைய மாற்றுச் சான்றிதழைப் பார்க்காமல், உனக்குக் கட்டாயம் கிடைக்கும் என்று சொல்லிவிட்டால் அந்த ஏமாற்றத்தை யாரும் சரிசெய்ய முடியாது.

திரும்பி வருகிறவர்கள் விஷயம் இன்னும் நுணுக்கமானது. ஜூலையில் துணைத் தேர்வு எழுதி, பத்தாம் வகுப்பு தேறி, பிளஸ் ஒன்னில் தாமதமாகச் சேருபவர்கள் ஒரு வகை. கட்டட வேலைக்கும் மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் போய் நின்றவர்கள் இன்னொரு வகை. அம்மா படுத்துவிட்டதால் வீட்டோடு இருந்துவிட்ட பெண் பிள்ளைகளும் உண்டு. வீடு தேடிப் போய் அழைத்து வருவதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோர் ஒருவரோடு சேர்ந்து செய்தால் கதவு சீக்கிரம் திறக்கும். அழைத்து வருவதுகூட எளிது. மறுபடி நின்றுபோவது பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில் நடக்கிறது, அதற்குக் காரணம் பல நேரம் பள்ளிக்குள்ளேயே இருக்கிறது.

"என்ன துரை, வேலை அலுத்துடுச்சா?" வகுப்பில் ஒரு ஆசிரியர் இதை வேடிக்கையாகத்தான் சொல்வார். வகுப்பு சிரிக்கும். மறுநாள் அவன் வரமாட்டான். ஆகவே பிள்ளை வருவதற்கு முந்தைய நாள், அந்த வகுப்புக்குப் போகும் ஆசிரியர்களை உட்கார வைத்துப் பத்து நிமிடம் பேச வேண்டும். ஏன் வரவில்லை என்று வகுப்பில் கேட்க வேண்டாம், காலை வணக்கக் கூட்டத்தில் காட்டிப் பாராட்டவும் வேண்டாம். மெல்லக் கற்போர் என்ற சொல் அவன் காதில் விழ வேண்டாம், அந்தப் பெயரில் உள்ள கையேட்டின் அட்டையை மாற்றிக் கொடுத்தாலும் தவறில்லை. பழைய சீருடை சேராது, உயரம் கூடியிருக்கும். புதிது கைக்கு வரும்வரை வாசலில் நிறுத்தக் கூடாது. முடி, தாடி பற்றிய பேச்சை இரண்டாம் வாரத்துக்குத் தள்ளிவைக்கலாம்.

சேர்க்கும் நாளாகப் புதன் அல்லது வியாழன் நல்லது. இரண்டு மூன்று நாள் தாக்குப்பிடித்தால் சனி, ஞாயிறு மூச்சுவிடக் கிடைக்கும். உட்காருவது மூன்றாவது வரிசையில், அதே தெருவிலிருந்து வரும் நண்பன் பக்கத்தில். ஒவ்வொரு பாடத்திலும் இரண்டு பாடப்பகுதி மட்டும் முதலில் கொடுத்து, மூன்றாம் வாரம் அதிலிருந்து மட்டும் ஒரு சிறு தேர்வு வைத்தால், முதல் மதிப்பெண் பூஜ்யமாக வராது. சம்பாதித்துப் பழகிய கைக்கு அந்த முதல் மதிப்பெண் முக்கியம். அவன் வேலைக்குப் போகாததால் வீட்டில் வாரச் சம்பளம் நின்றிருக்கும். அதை அம்மாவிடம் மறைக்காமல் பேசி, இன்னும் எத்தனை மாதம், அதற்குப் பிறகு ஐ.டி.ஐ.யா, பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டா என்று கணக்காகச் சொல்ல வேண்டும். அதிகாலையில் பூ மார்க்கெட்டுக்குப் போய்வரும் பிள்ளைக்கு ஒரு மாதம் பதினைந்து நிமிடத் தாமதம் அனுமதித்தால் மற்றவர்கள் கெட்டுவிடுவார்கள் என்ற பயம் வேண்டியதில்லை. காரணம் தெரிந்தால் மற்ற பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். பெண் பிள்ளை என்றால் மாலை சிறப்பு வகுப்பின் நேரத்தைக் கடைசிப் பேருந்தைப் பார்த்து வைக்க வேண்டும்.

ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிய அந்த நோட்டை மே மாதத்தோடு மூடிவைக்கக் கூடாது. செப்டம்பரில் ஒரு முறை எடுத்து, கல்லூரி சேர்ந்தவர்களையும் அழைக்க வேண்டும். தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கும் பிள்ளைகள் முதல் உள்தேர்வில் சறுக்கி, யாரிடமும் சொல்லாமல் ஊர் திரும்புவது அந்தச் சமயத்தில்தான். "பஸ்ஸு நேரத்துக்கு வருதாம்மா? ஆயிரம் ரூபாய் ஏறுச்சா? எந்தப் பேப்பர் புரியல?" இவ்வளவு கேட்டால் மீதியை அவளே சொல்வாள். அதே கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் நம் பழைய மாணவி ஒருத்தியின் எண்ணை அப்போது கொடுத்துவிட வேண்டும்.